விலாவிலிருந்து எடுத்து வைத்த குருத்துக்கு ரத்தம் எங்கிருந்து வரும்?

பள்ளத்தூர் அம்மான் | வியாழன், இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியாமல் உடல்நலம் பிரிவில் போடுகிறேன். இடம் மாற்ற வேண்டுமென்றால் மாற்றிவிடுங்கள்.

என் தங்கச்சி மகனுக்கு மூன்று வயது. ஏழாம் மாதத்தில் பிறந்தவன். ஒன்பது வாரம் வென்டிலேட்டரில் கிடந்தான். பிழைத்துவிட்டான், ஆனால் குரல்நாணுக்குக் கீழே மூச்சுப்பாதை சுருங்கிப் போனது. மூன்றாம் கிரேடு என்று எழுதியிருக்கிறார்கள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து இரண்டரை வருஷம் ஓட்டினோம். திருக்கார்த்திகைக்கு மறுநாள், திங்கட்கிழமை, சென்னையில் ஆபரேஷன். வலது விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து, சுருங்கிய இடத்தை முன்பக்கம் பிளந்து, அந்தப் பிளவில் செதுக்கி வைத்துத் தைத்தார்கள். கழுத்துத் துளையையும் அப்போதே மூடியாயிற்று. எட்டு நாள் மூக்கு வழியாகக் குழாய். ஒன்பதாம் நாள் எடுத்தார்கள். பிள்ளை தானாக மூச்சு விட்டான்.

14ஆம் நாள் ஸ்கோப் (உள்ளே பார்க்கிற கேமராக் குழாய்) போட்டுவிட்டு டாக்டர் சொன்னது இது: "கிராஃப்ட் (ஒட்டு வைத்த குருத்து) பிடித்திருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் சதை வளர்ந்திருக்கிறது. எடுத்து மருந்து போட்டிருக்கிறோம். பத்து நாள் கழித்து வாருங்கள்." அவ்வளவுதான். வாயைத் திறப்பதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் அரைப் பக்கம், அதிலும் பாதி மாத்திரைப் பெயர்.

இப்போது பள்ளத்தூரில் இருக்கிறோம். ஆத்தா (பிள்ளைக்கு ஆயா) விடாமல் கேட்கிறாள்: "வெட்டி எடுத்த எலும்புக்கு ரத்தம் போகலைன்னா காஞ்சு போயிடாதா?" எனக்கும் பதில் தெரியவில்லை. ரத்தம் போனால்தானே பிடிக்கும்? போய்ப் பிடித்தது என்றால் சதை ஏன் வளர வேண்டும்? அது நல்லதா கெட்டதா? இன்றைக்கு 17ஆம் நாள். பிள்ளையார் நோன்புக்காக ஆத்தா கோடி வேட்டியிலிருந்து தினம் ஒரு நூல் எடுத்து வைக்கிறாள். இவனுக்கும் சேர்த்துத்தான் எண்ணுகிறாள் என்று தெரிகிறது.

சிங்கம்புணரி நர்சரி | வியாழன், இரவு 10.40

டாக்டர் இல்லை, தோட்டக்காரன். ஆனாலும் சொல்கிறேன். ஒட்டு மாங்கன்று மாதிரிதான் அண்ணே. குச்சியைச் சீவி, தாய்ச்செடியில் பட்டையோடு பட்டை பொருத்திக் கட்டிவிட்டால் மூன்று நாலு வாரத்தில் சாறு ஏறிவிடும். துளிர் விட்டால் பிடித்தது என்று அர்த்தம். உங்கள் பிள்ளைக்கும் அப்படியே ஏறிவிடும்.

தேவகோட்டை காது மூக்கு | வெள்ளி, காலை 6.05

நர்சரி அண்ணன் சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது இல்லை. இந்த ஒப்பீட்டை நம்பித்தான் பாதிக் குடும்பங்கள் பயப்படுகின்றன. நான் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்க்கிறவன், ஊர் தேவகோட்டை. உங்கள் பிள்ளையை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

முதலில் ஆயாவுக்குப் பதில். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. விலாவில் இருந்தபோதும் கிடையாது, கழுத்துக்கு வந்த பிறகும் கிடையாது. அதன்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் ரத்த ஓட்டம். உறையிலிருந்து சாறு ஊறி உள்ளே இறங்கும், அந்த ஊறலில் உள்ளே இருக்கிற செல்கள் காலம் தள்ளும். உடம்பில் மற்ற செல்களுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு தூரத்துக்குள் ஒரு நுண்குழாய் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆக்சிஜன் எட்டாமல் சாகும். குருத்தெலும்புச் செல் அந்தக் கணக்கில் வராது. ஆக்சிஜனை அதிகம் கேட்காமல் சர்க்கரையை நொதிக்கவைத்தே பிழைத்துக்கொள்ளும். நாங்கள் விலாவைத் தேடிப் போவதே இதற்காகத்தான். இதே அளவு தசைத் துண்டை வெட்டி அங்கே வைத்தால் ஒரு வாரத்தில் அழுகிவிடும்.

இன்னொன்று. குருத்தெலும்பு ரத்தக்குழாயை உள்ளே விடுவதே இல்லை. விடாமல் தடுக்கும் புரதங்களைத் தானே சுரக்கிறது. புற்றுக்கட்டிகள் ரத்தக்குழாயை இழுத்துத்தான் வளர்கின்றன என்று 1971-ல் சொன்னாரே ஜூடா ஃபோக்மேன், அவருடைய ஆட்கள் 1975-லேயே கட்டிக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவில் குருத்தெலும்புத் துண்டை வைத்துப் பார்த்தார்கள். குழாய்கள் கிட்டே வரத் தயங்கின.

அப்போ ரத்தம் எங்கே வேண்டும்? குருத்து உட்கார்ந்திருக்கிற படுக்கையில். சுற்றியுள்ள கழுத்துத் தசை, வெட்டிய விளிம்பில் இருக்கிற சளிச்சவ்வு, குருத்தின் உறை, இந்த மூன்றிலும். முதல் இரண்டு மூன்று நாள் கசிகிற நீரிலேயே குருத்து நனைந்து கிடக்கும். அதன் பிறகு படுக்கையிலிருந்து நுண்குழாய்கள் முளைக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இருக்கும் செல்கள் அதை உணர்ந்து ஒரு புரதத்தை நிலைக்க விடுகின்றன, அந்தப் புரதம் 'குழாய் அனுப்பு' என்கிற உத்தரவை இன்னொரு புரதம் மூலமாக அனுப்புகிறது. 2019-ல் மருத்துவ நோபல் கொடுத்தது இந்த உணர்வைக் கண்டுபிடித்ததற்குத்தான். உத்தரவை எடுத்துப் போகிற புரதத்தின் பெயர் வி.ஈ.ஜி.எஃப். அது பட்ட பக்கம் பழைய குழாயின் சுவரிலிருந்து ஒரு செல் தலையை நீட்டும், பின்னால் மற்றவை வரிசையாக வரும், நடுவில் வழி விட்டுக் குழாயாகும். சின்னக் குழந்தைக் கழுத்தில் நாலாம் நாள் வாக்கில் இந்த வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. சதை வளர்ச்சியைப் பற்றி இரவு எழுதுகிறேன்.

கோட்டையூர் செவிலி | வெள்ளி, காலை 7.30

டாக்டர் தம்பி வரும்வரை ஒரு விஷயம். அம்மான், பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது சீட்டி மாதிரி சத்தம் வந்தாலோ, நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, கழுத்துத் தோலைத் தொட்டால் நெறுநெறு என்று அரிசிப்பொரியை அமுக்கினது மாதிரி இருந்தாலோ, இங்கே எழுதிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 108. பத்தாம் நாள் வரை பொறுக்க வேண்டாம்.

பள்ளத்தூர் அம்மான் | வெள்ளி, காலை 8.15

சத்தம் இல்லை தங்கச்சி. இரவில் லேசாகக் குறட்டை மாதிரி. குரல் கம்மியிருக்கிறது.

கோட்டையூர் செவிலி | வெள்ளி, காலை 8.22

தூங்கும்போது ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள். மார்பு தெரிய வேண்டும், மின்விசிறிச் சத்தம் இல்லாமல். ஸ்கோப்புக்குப் போகும்போது காட்டலாம்.

பினாங்கு ஆச்சி | வெள்ளி, மதியம் 1.50

படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு போடுவோம், புண் ஆறுவதற்கு அதைவிட ஒன்று உண்டா? மலேசியாவிலிருந்து என் கொழுந்தன் மகன் சுறாக் குருத்தெலும்பு மாத்திரை கொண்டுவந்திருக்கிறான். டப்பா திறக்கவில்லை. குருத்தெலும்புக்குக் குருத்தெலும்பு கொடுத்தால் சேருமே? பள்ளத்தூருக்கு ஆள் வருகிறது, அனுப்பிவிடவா?

சதை வளராமல் இருக்கச் சாம்பிராணியும் போடலாம், நெஞ்சுச் சளி தங்காது.

தேவகோட்டை காது மூக்கு | வெள்ளி, இரவு 9.47

ஆச்சி, டப்பா அங்கேயே இருக்கட்டும். சுறா மாத்திரை வந்த கதையே நான் காலையில் சொன்னதிலிருந்து கிளம்பியதுதான். குருத்தெலும்பு ரத்தக்குழாயைத் தடுக்கிறது, சுறாவின் எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பு, அப்படியானால் சுறாவைப் பொடித்து விழுங்கினால் புற்று அடங்கும் என்று ஒரு கூட்டம் விற்க ஆரம்பித்தது. விழுங்கினதை வயிறு மற்ற மாமிசம் மாதிரியே செரித்துவிடுகிறது. நுரையீரல் புற்று நோயாளிகளுக்குச் சுறாச் சாற்றைக் கொடுத்துப் பெரிய அளவில் பார்த்ததில் ஒரு பலனும் இல்லை. அதையும் விடுங்கள், நம் பிள்ளைக்கு இப்போது படுக்கையில் ரத்தக்குழாய் முளைக்கிற நேரம். அந்த மாத்திரை நிஜமாகவே வேலை செய்வதாக வைத்துக்கொண்டால் முதலில் கெடுவது அதுதான்.

சுறாப்புட்டு தாராளமாகக் கொடுக்கலாம், முள் இல்லாமல், காரம் குறைத்து. அது நல்ல புரதம். கூடவே நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி. வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் இறுகாது, கொலாஜன் இல்லாமல் புதுக் குழாயின் சுவர் நிற்காது. ரத்தசோகை இருந்தால் அதையும் பாருங்கள். ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.

சாம்பிராணி வேண்டவே வேண்டாம்.

இப்போது சதை. அம்மான் கேட்டது சரியான கேள்வி. படுக்கையில் முளைத்து வருகிறதே அந்த நுண்குழாய்க் கூட்டம், அதையும் அதைச் சுற்றி வரும் செல்களையும் சேர்த்துத்தான் 'கிரானுலேஷன்' என்கிறோம். முழங்காலில் சிராய்த்த பிள்ளைக்கு நாலாம் நாள் புண்ணுக்குள் சிவப்பாக, மணல் மணலாக ஒன்று தெரியுமே, அதேதான். தொட்டால் ரத்தம் வரும், ஏனென்றால் பாதிக்கு மேல் ரத்தக்குழாய். முழங்காலில் அது மேடு தட்டினால் யாருக்கும் கவலையில்லை. மூச்சுக்குழாயில் இடம் கிடையாது. 4 மில்லிமீட்டர் அகலக் குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் சதை ஏறினால் அகலம் 2 ஆகும், காற்று போகும் பரப்போ கால் பங்காகிவிடும்.

ஆகவே புண் ஆற வேண்டுமென்றால் அது வர வேண்டும், தேவைக்கு மேல் வந்தால் மூச்சை அடைக்கும். எது நிறுத்துகிறது என்றால் மேல்தோல். குருத்தைச் செதுக்கும்போது உறையுள்ள பக்கத்தைக் காற்றுப் பாதையைப் பார்த்து வைப்பார்கள். விளிம்பிலிருந்து சளிச்சவ்வு மெல்ல ஊர்ந்து வந்து அந்த உறையின்மேல் படர வேண்டும். படர்ந்து மூடிவிட்டால் கீழே 'குழாய் அனுப்பு' என்கிற உத்தரவு நின்றுபோகும், வேண்டாத குழாய்கள் தானாகச் சுருங்கி மறையும். மூடாமல் பச்சையாக இருக்கிற இடத்தில்தான் உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். தையல் முடிச்சு, குழாய் உரசின தடம், வயிற்றிலிருந்து மேலேறி வரும் அமிலம், கிருமி, இவை நான்கும் பச்சையை ஆறவிடாது. உங்களுக்குக் கொடுத்த மாத்திரையில் பாதி அமிலத்துக்காகத்தான் இருக்கும், பாருங்கள்.

சதையை அப்படியே விட்டாலும் ஒருநாள் சிவப்பு போய்விடும். ஆனால் அதன் இடத்தில் வெள்ளை நார் வந்து இறுகும். அது மறுபடியும் சுருக்கம். அதனால்தான் பத்து நாளில் வரச் சொல்கிறார்கள்.

பள்ளத்தூர் அம்மான் | வெள்ளி, இரவு 10.30

ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ ரத்தம் அதுக்குள்ளயே போக வேணாமா?" என்று மூன்று தடவை கேட்டாள். தன் காது மடலைப் பிடித்து மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு சந்தேகம். இத்தனை வருஷம் முன்னால் முதலில் சுருங்கினது எதனால்? அதையும் யாரும் சொல்லவில்லை.

கோட்டையூர் செவிலி | வெள்ளி, இரவு 11.02

நான் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளம் பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) ஆறு வருஷம் இருந்தவள், இதை நான் சொல்கிறேன். மூச்சுப்பாதையில் மற்ற வளையங்கள் பின்பக்கம் திறந்த லாடம் மாதிரி. குரல்நாணுக்குக் கீழே இருக்கும் மோதிரக் குருத்தெலும்பு மட்டும் முழு வட்டம், விரிந்து கொடுக்காது. அதற்குள் வாரக்கணக்கில் குழாய் இருந்தால் உள்சவ்வு குழாய்க்கும் மோதிரத்துக்கும் நடுவில் நசுங்கும். சவ்வின் நுண்குழாயில் ரத்தம் ஓடுகிற அழுத்தம் ரொம்பச் சின்னது. பெரியவர்களுக்கு வைக்கும் குழாயில் பலூன் அழுத்தத்தை 30 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்கு மேல் விடாதே என்று எங்களுக்குப் பாடமே உண்டு. அதைத் தாண்டினால் ரத்தம் நின்று, சவ்வு வெளுத்து, புண்ணாகி, குருத்துவரை போய்விடும். பச்சைப் பிள்ளைகளுக்குப் பலூன் இல்லாத குழாய் வைத்தாலும் அளவு சற்று இறுக்கமாக இருந்தால் அதே கதைதான். ஆறும்போது சதை, அப்புறம் நார், அப்புறம் சுருக்கம்.

யார் மேலும் கோபப்பட வேண்டாம். அந்தக் குழாய் இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை.

கொத்தனார் மகன் | சனி, காலை 9.15

இந்த விவாத இழை நன்றாகப் போகிறது. எங்கள் வேலை கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு ஒட்டுப்போடுவது. டாக்டர் 'படுக்கை' என்றதும் எனக்குப் பட்டென்று புரிந்தது. நூறு வருஷச் சுவரில் ஓரிடம் பெயர்ந்தால் புதுப் பூச்சை அப்படியே அப்பினால் நிற்காது. பழைய விளிம்பைக் கொத்திப் பச்சை முகம் எடுக்க வேண்டும், தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். காய்ந்த சுவர் புதுப் பூச்சின் ஈரத்தை உறிஞ்சிவிடும், மேலே பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆறு மாதம் கழித்துத் தட்டினால் பொக்கை. முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் எவ்வளவு ஊற்றினாலும் சுவர் நனையாவிட்டால் வீண்.

தேவகோட்டை காது மூக்கு | சனி, மதியம் 2.20

மாங்கன்றைவிட இது கிட்டே வருகிறது. பூச்சுக்குள் குழாய் போவதில்லை, சுவர் ஈரம்தான் காக்கிறது. ஒரு வித்தியாசம், உங்கள் சுவர் பதிலுக்குச் சதை வளர்க்காது.

ஈரம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கிய கழுத்திலும், திரும்பத் திரும்ப அறுத்துத் தழும்பேறிய கழுத்திலும் படுக்கை வறண்டிருக்கும். அங்கே குருத்து கரைந்துபோகிற வாய்ப்பு அதிகம். மூச்சுக்குழாய்க்கு ரத்தம் இரண்டு பக்கவாட்டிலிருந்தும் சின்னச் சின்னக் கிளைகளாகத்தான் வருகிறது, அதனால் நாங்கள் முன்பக்கம் மட்டும் திறந்து பக்கவாட்டைத் தொடாமல் விட்டுவிடுவோம்.

பேப்பர் படிப்பவன் | சனி, மாலை 5.41

எல்லாம் சரி. ஆனால் ஸ்வீடனில் மூச்சுக்குழாய் மாற்றினேன் என்று சொன்ன டாக்டருக்கு ஜெயில் கிடைத்ததே, அது என்ன? அங்கேயும் முதலில் "பிடித்திருக்கிறது" என்றுதானே பத்திரிகையில் போட்டார்கள்? அம்மான் வீட்டுப் பிள்ளைக்குச் செய்ததும் அந்த வகைச் சோதனை இல்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?

தேவகோட்டை காது மூக்கு | சனி, இரவு 8.58

கேட்டது நல்லதுதான், கேட்ட தொனிதான் சரியில்லை. பயந்து கிடக்கிற குடும்பம் இது.

பாவ்லோ மாக்கியாரினி 2011-ல் ஸ்டாக்ஹோமில் வைத்தது பிளாஸ்டிக்கில் செய்த முழு மூச்சுக்குழாய். நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்லை அதன்மேல் தெளித்தால் உயிருள்ள குழாயாக மாறிவிடும் என்றார். பிளாஸ்டிக்குக்கு ரத்தம் எப்படிப் போகும் என்கிற, உங்கள் ஆயா கேட்ட அதே கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அங்கே அதைப் பெற்ற மூன்று பேரும் பின்னர் இறந்தார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை வருஷச் சிறை விதித்தது.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று உண்டு. பெல்ஜியத்தில் லூவன் நகரில் பியர் டெலேர் குழு, இறந்தவரிடமிருந்து எடுத்த மூச்சுக்குழாயை உடனே கழுத்தில் வைக்கவில்லை. நோயாளியின் முன்கையில், தோலுக்கடியில் இருக்கும் சவ்வில் சுற்றிப் புதைத்துச் சில மாதம் காத்திருந்தார்கள். கையின் ரத்தக்குழாய்கள் அதற்குள் முளைத்த பிறகு, அந்த ரத்த ஓட்டத்தோடேயே கழுத்துக்கு மாற்றினார்கள். 2010-ல் வெளியிட்டார்கள். கையில் ஒரு மூச்சுக்குழாயோடு சில மாதம் நடமாடிய அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். குழாய் வளர எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு கொடுத்தார்கள், அதுதான் அங்கே வேறுபாடு.

இந்தப் பிள்ளைக்குச் செய்தது இரண்டும் இல்லை. முழுக் குழாயை மாற்றவில்லை, சொந்த விலாவிலிருந்து படகு மாதிரி செதுக்கிய ஒரு சின்ன ஒட்டு. விளிம்பு வெளிப்பக்கம் அகன்றிருக்கும், அதனால் உள்ளே விழாது. சின்சினாட்டியில் ராபின் காட்டன் 1970-களில் பரவலாக்கிய முறை. கிரேடு போடுவதுகூட அவர் பெயரில்தான், மூன்றாம் கிரேடு என்றால் 71 முதல் 99 சதவீதம் வரை அடைப்பு.

பேப்பர் படிப்பவன் | சனி, இரவு 9.20

சரி, ஒத்துக்கொள்கிறேன். அம்மான், மன்னிக்கணும்.

ராசாத்தி அம்மா | சனி, இரவு 11.48

பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு இப்போதுதான் முழுவதும் படித்தேன். நாங்கள் திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம். என் மகளுக்கு நாலு வருஷம் முன்னால் இதே ஆபரேஷன். அவளுக்கு முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் குருத்து வைத்தார்கள், ஆறு வாரம் உள்ளே ஸ்டென்ட், கழுத்துக் குழாயை ஒரு வருஷம் கழித்துத்தான் எடுத்தார்கள். அதுவரை ஏழு ஸ்கோப்.

டாக்டர் சொன்னதில் ஒன்றை மட்டும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சதை இருக்கிறது என்றால் உடனே எல்லாவற்றையும் வெட்டி எடுக்கச் சொல்லி நான் சண்டை போட்டிருக்கிறேன். மூன்றாவது ஸ்கோப்பில் நிறைய எடுத்தார்கள். நாலாவதில் அதைவிட அதிகமாக வளர்ந்திருந்தது. வெட்டிய இடம் மறுபடி பச்சை, மறுபடி ரத்தக்குழாய். ஐந்தாவதில் ஒரு மூத்த டாக்டரம்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு நுனியை மட்டும் கிள்ளிவிட்டு, ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு, "இனி கை வைக்காதே, மூடட்டும்" என்று ஜூனியரிடம் சொன்னார். ஆறாவதில் திரையைக் காட்டினார். முன்பு தக்காளித் தோல் உரித்த மாதிரி இருந்த இடம், உதட்டின் உள்பக்கம் மாதிரி வெளிர் ரோஸாக, ஈரமாக, வழவழவென்று இருந்தது. அதன்மேல் முடி மாதிரி இரண்டு மூன்று சிவப்புக் கோடு. "இந்தக் கோடு தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது" என்றார். நான் அழுதுவிட்டேன்.

ஸ்கேனில் குருத்தின் ஒரு ஓரம் கரைந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அதற்கும் ஒரு மாதம் தூக்கம் போனது.

தேவகோட்டை காது மூக்கு | ஞாயிறு, காலை 6.30

ராசாத்தி அம்மா எழுதியதற்கு மேல் நான் எழுத ஒன்றுமில்லை. ஓரம் கரைவது பலருக்கும் நடக்கும். கரைந்த இடத்தை நார்த்திசு நிரப்பிச் சட்டத்தைத் தாங்கிக்கொண்டால் போதும், மூச்சுப்பாதை அகலம் நிற்கும். குருத்து முழுசாக உயிரோடு இருக்கிறதா என்பதைவிட வழி திறந்திருக்கிறதா என்பதுதான் எங்களுக்குக் கணக்கு.

வெட்டுவதா விடுவதா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. என் சொந்த அபிப்பிராயம் அந்த மூத்த டாக்டரம்மாவுடையதுதான்.

பள்ளத்தூர் அம்மான் | ஞாயிறு, காலை 10.05

இன்று நோன்பு. அவசரமாக ஒரு கேள்வி. 21 நூலும் சேர்த்துத் திரித்து மாவில் வைத்து ஏற்றி, எரிகிற இழையோடு வாயில் போட வேண்டும். பிள்ளைக்கும் ஒரு இழை எடுக்க வேண்டும் என்கிறாள் ஆத்தா. மாவு நெய்யும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தது, வழுக்கிக்கொண்டு போகும் என்கிறாள்.

கோட்டையூர் செவிலி | ஞாயிறு, காலை 10.09

வேண்டாம். வேண்டாம். நெருப்பும் வேண்டாம், மாவும் வேண்டாம். புதுசாக வாய் வழியாக மூச்சு விடுகிற பிள்ளை, விழுங்குவதும் மூச்சும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மாவு புரையேறினால் அந்தத் தையல் தாங்காது. அவன் இழையை ஆயாவே எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

பினாங்கு ஆச்சி | ஞாயிறு, காலை 11.30

எங்கள் வீட்டிலும் முடியாத பிள்ளைக்குப் பெரியவர்கள் எடுத்துக்கொள்வதுதான் பழக்கம். ஆத்தாளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் அம்மான் | ஞாயிறு, இரவு 9.50

ஆச்சி சொன்னதும் ஆத்தா ஒத்துக்கொண்டாள். ஆனால் நடந்ததைக் கேளுங்கள்.

இரண்டாம் கட்டு வளவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை என் மடியில். ஆத்தா அவனுக்கான இழையை ஏற்றிக் கையில் எடுத்தாள். எடுத்ததும் இவன் எட்டி உதட்டைக் குவித்து 'ஊஃப்' என்று ஊதிவிட்டான். அணைந்துபோயிற்று. அணையாமல் விழுங்க வேண்டும் என்பதுதான் முறை, ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம்தான் தங்கச்சிக்கு உறைத்தது. இரண்டரை வருஷம் இவன் விட்ட காற்றெல்லாம் கழுத்துத் துளை வழியாகப் போனது. பிறந்த நாள் கேக்கில் மெழுகுவர்த்தியை நாங்கள்தான் ஊதுவோம். இவனுக்கு ஊதவே வராது.

ஆத்தா மறுபடி ஏற்றினாள். மறுபடி ஊதினான். மூன்றாம் தடவை அவனைத் தூரக் கொண்டுபோன பிறகுதான் அவளால் வாயில் போட முடிந்தது.

ராசாத்தி அம்மா | ஞாயிறு, இரவு 10.15

என் மகள் முதலில் ஊதினது சூடான ரசத்தை.

கோட்டையூர் செவிலி | திங்கள், காலை 7.00

வியாழன் ஸ்கோப்புக்கு முன்னால் செய்ய வேண்டியது. ஆபரேஷன் குறிப்பின் நகல் ஒன்று கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் தாள் போதாது. குருத்து முன்பக்கமா பின்பக்கமா, கடைசியாக வைத்த குழாயின் அளவு என்ன, இந்த இரண்டும் அதில் இருக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையிலேயே வைத்திருங்கள். நடுராத்திரி காரைக்குடியில் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் அங்கே இருக்கும் டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அந்த அளவுதான். வெறும் வயிற்றில் எத்தனை மணி நேரம் என்பதையும் முன்னாலேயே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர் அம்மான் | வெள்ளி, மாலை 6.40

புதன் விடியற்காலைப் பல்லவன் ரயிலில் போனோம், நேற்று ஸ்கோப், இன்று திரும்பிக்கொண்டிருக்கிறோம். விழுப்புரம் தாண்டியாயிற்று.

இந்தத் தடவை கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "யார் எழுதிக்கொடுத்தது?" என்று கேட்டார். தேவகோட்டை, கோட்டையூர், திருப்பத்தூர் என்றேன். சிரித்துவிட்டுப் படம் போட்டுக் காட்டினார். குருத்தின் நடுவில் மூடிவிட்டது. மேல் விளிம்பில், தையல் முடிச்சு இருக்கும் இடத்தில் மட்டும் பச்சரிசி அளவு சிவப்பு இருக்கிறது. கை வைக்கவில்லை. முடிச்சு கரைந்தால் அதுவும் அடங்கலாம் என்றார். அமில மாத்திரை தொடர வேண்டும், இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் படுக்கவிடக் கூடாது. அடுத்தது மூன்று வாரம் கழித்து. ஆபரேஷன் குறிப்பின் நகல் கேட்டேன், கவுன்டரில் நாற்பது நிமிஷம் நிற்கவைத்துக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது.

ஆத்தாவுக்குப் போன் போட்டேன். "ரத்தம் போகுதாமா?" என்றாள். அதற்குள்ளே போகவில்லை, பக்கத்தில் போகிறது என்றேன். "சரி, பக்கத்துல போனா போதும்" என்று வைத்துவிட்டாள்.

ரயிலில் டீ விற்கிறவரின் கப்பை இவன் ஊதிக்கொண்டே இருக்கிறான். சூடு போய்விட்டது, குடிக்கத்தான் மாட்டேன் என்கிறான்.